தோட்டத்து வாத்தியார்கள்

கொல்லையில் நாலு கத்தரிச் செடி வைத்தவனுக்கு ஊரில் ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. செடி பச்சையாயிருக்கும் வரையில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓர் இலை சுருண்டதோ இல்லையோ, தெருவே வைத்தியராகி விடுகிறது. ஒருவர் சாம்பலைத் தூவச் சொல்லுவார். இன்னொருவர் புளித்த மோரைத் தெளிக்கச் சொல்லுவார். மூன்றாமவர் கண் திருஷ்டி என்று தீர்மானித்து, ஓட்டைச் சட்டியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் கொம்பிலே மாட்டச் சொல்லுவார். நாலாமவர் இருக்கிறாரே, அவர்தான் அபாயமான மனிதர். அவர் ஒன்றும் பேசாமல் தம் வீட்டுக்குள் போய், வயலுக்கு வாங்கி மிச்சமான மருந்துப் புட்டியைக் கொண்டு வந்து, "ஒரு மூடி ஊத்தி அடிங்க சார், நாளைக்குப் பாருங்க!" என்று கையில் கொடுத்து விடுவார்.

இந்த நாலு பேரில் யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் வீட்டுத் தோட்டக்காரனுடைய பிரதான பிரச்னை. நான் ஐந்தாவது ஆள் ஒருவரைச் சிபாரிசு செய்கிறேன். இலையைச் சுருட்டிய அந்தப் பூச்சியையே போய்க் கேளுங்கள் என்பதுதான் என் யோசனை.

இது என் சொந்த யோசனை அல்ல. ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர் 1905-ஆம் வருஷத்தில் பீகாரிலுள்ள பூஸா விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு உத்தியோகத்தில் வந்தார். நம் குடியானவர்களுக்கு விவசாயம் சொல்லிக் கொடுப்பதற்காக வந்த அந்த மனிதர், வெகு சீக்கிரத்தில் தாமே மாணாக்கராகி விட்டார். இந்தியக் குடியானவர்களையும், பயிரைத் தின்னும் பூச்சிகளையும், பூசணங்களையுமே தம்முடைய பேராசிரியர்களாக வரித்துக் கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். 1924 முதல் 1931 வரையில் இந்தூரிலிருந்து அவர் வகுத்த எரு முறைக்கு இன்றைக்கும் 'இந்தூர் முறை' என்றே உலகத்தில் பெயர். பூச்சியை எப்படிக் கொல்வது என்று கேட்பதற்கு முன்னால், அது ஏன் இந்தச் செடியைத் தேடி வந்தது என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தத்தின் சாரம்.

நானும் ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்தான். பகல் முழுவதும் பிறருக்குப் பாடம் சொல்லி அலுத்தவனுக்கு, மாலையில் தான் உட்கார்ந்து பாடம் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகம் எனக்குக் கொல்லைப்புறத்தில் கிடைத்து வருகிறது.

கம்மாபுரத்தில் எங்கள் கொல்லை அப்படியொன்றும் பெரிதல்ல. ஒரு பக்கம் விருத்தாசலம், மறு பக்கம் நெய்வேலி. நடுவே முந்திரித் தோப்புகளும் வயல்களும் உள்ள ஊர். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, அடுப்படித் தண்ணீர் பாயும் இடத்தில் இரண்டு வாழை, வேலியோரம் அவரைப் பந்தல், நடுவில் கத்தரியும் வெண்டையும், கிணற்றடியில் பப்பாளி. இவ்வளவே எங்கள் சாம்ராஜ்யம். இந்தச் சாம்ராஜ்யத்தின் மேல் படையெடுத்து வந்தவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், பானிபட்டு யுத்தங்களெல்லாம் சின்ன விஷயமாகி விடும்.

முதல் பாடம் பப்பாளியில் தொடங்கியது. 2008-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு புது மாவுப் பூச்சி தென்பட்டது. மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பிறந்தகம். அங்கிருந்து எப்படியோ கப்பலேறியோ விமானமேறியோ நம் நாட்டுக்கு வந்து சேர்ந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்று விடாமல் பற்றிக் கொண்டது. இரண்டொரு வருஷத்துக்குள் எங்கள் ஊருக்கும் வந்து விட்டது. இலையின் அடிப்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். பிறகு காம்பு, காய், தண்டு எல்லாம் வெளுத்து விடும். பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்னா வாத்தியாரே, பொங்கலுக்கு முன்னாடியே பப்பாளிக்கு வெள்ளையடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். ஆனால் குலையோடு வெம்பி நின்ற மரத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

தமிழ்நாடு முழுவதும் மருந்து மேல் மருந்தாக அடித்தார்கள். பிரயோஜனப்படவில்லை. காரணம், அந்த வெள்ளைப் பஞ்சு மெழுகினாலான கவசம்; மருந்து அதன் மேல் நின்று வழிந்து விடும். அன்றியும் பூச்சி கழிக்கும் தேன் போன்ற நீருக்காக எறும்புகள் படை படையாய்க் காவல் நிற்கும். அந்தத் தேன்நீர் விழுந்த இலையெல்லாம் கரும்பூசணம் பிடித்து, அடுப்புக்கரி பூசினாற்போல் ஆகிவிடும்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிதுதான். பப்பாளியும் அமெரிக்கப் பூமியிலிருந்து வந்ததே. முந்திரியும் அப்படித்தான், பிரேஸிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. நம் ஜில்லாவிலேயே பறங்கிப்பேட்டை என்று ஓர் ஊர் அவர்கள் ஞாபகமாக நிற்கிறது. மரம் முதலில் வந்தது. அதைத் தின்னும் பூச்சி பல நூறு வருஷம் கழித்து வந்தது. அந்தப் பூச்சியைத் தின்பது மாத்திரம் வராமல் ஊரிலேயே தங்கி விட்டது. கட்டுக்காவல் இல்லாத ஊரில் திருடனுக்கு என்ன குறை?

ஆகவே, காவற்காரனைத் தேடிப் போனார்கள். 2010-ஆம் வருஷத்தில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து 'அஸிரோபேகஸ் பப்பாயே' என்ற குளவியினத்தைத் தருவித்தார்கள். குளவி என்றதும் பயப்பட வேண்டாம். எள்ளில் பாதிகூட இராது. பெங்களூரில் தேசீயப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அதைப் பெருக்கி மாகாணமெங்கும் விட்டார்கள். மாவுப் பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று, கடைசியில் ஓட்டைத் துளைத்துக் கொண்டு குளவியாக வெளியே பறக்கும். மிச்சமிருப்பது வெறுங்கூடு.

எங்கள் கொல்லைக்கு அதை யாரும் புட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. காற்றோடு காற்றாக அதுவே வந்தது. அதற்குள் நாங்கள் செய்ததெல்லாம் மூன்றே காரியம். அளவு மீறிப் பற்றிய இலைகளை வெட்டிக் கொளுத்தினோம். மற்ற இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பூச்சியைக் கழுவினோம். மரத்தின் மேல் எறும்பு ஏறாமல் தண்டைச் சுற்றிப் பிசுபிசுப்பான பட்டை ஒன்று கட்டினோம். விஷம் அடிக்கவில்லை. ஒரு நாள் பூதக் கண்ணாடியில் பார்த்தபோது, வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே துளை விழுந்த பழுப்பு நிறக் கூடுகள் தெரிந்தன. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு பாயஸம் வைத்திருக்கலாம். என் மனைவிக்கு அந்த வெற்றியின் பெருமை விளங்கப் பப்பாளி பழுக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விஷம் அடித்துக் கொண்டேயிருந்த வீடுகளில் பூச்சி இன்னும் சில மாதம் குடியிருந்தது. பூச்சிக்குக் கவசம் உண்டு; குளவிக்கு இல்லை. அடித்த விஷம் காவற்காரனைத்தான் முதலில் கொன்றது.

2016-ஆம் வருஷத்தில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ தோன்றியபோதும் இதே கதைதான். என்கார்ஸியா என்ற சிறு குளவி தானாகவே அதைத் தேடி வந்தது. தயவு செய்து விஷம் அடிக்காதீர்கள் என்று நிபுணர்கள் ஜனங்களைக் கேட்டுக் கொண்டார்கள்.

இரண்டாவது வாத்தியார் கத்தரிப் புழு. இவர் சற்றுக் கண்டிப்பானவர். அந்திப்பூச்சி ஒன்று கத்தரி இலையிலும் குருத்திலும் முட்டையிடும். குஞ்சுப் புழு முதலில் இளந்தண்டுக்குள் நுழையும். காய் வந்ததும் காய்க்குள் குடியேறும். காய்க்குள் போன பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. நம்மவர்கள் காய் சொத்தையான பிறகுதான் விழித்துக் கொள்கிறார்கள். ஆனால் புழு அதற்கு முன்பே ஒரு தந்தி கொடுத்து விடுகிறது. காலை வேளையில் செடி முழுவதும் நிமிர்ந்து நிற்க, ஒரே ஒரு குருத்து மாத்திரம் தலை தொங்கியிருக்கும். அதுதான் தந்தி. அந்தக் குருத்தை ஓர் அங்குலம் கீழே நகத்தால் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டு விட வேண்டும். உள்ளே புழு இருக்கும். வாரந்தோறும் தவறாமல் கிள்ளி, சொத்தைக் காயைச் செடியடியில் போடாமல் அப்புறப்படுத்தி, உதிர்ந்த சருகையும் கூட்டி எடுத்து விட்டால், நாலு செடிக்கு அது போதும். கிள்ளிய இடத்துக்குக் கீழே புதுத் துளிர் விட்டுச் செடி பரந்து விடும் என்பது உபரி லாபம்.

இந்த ஒரு புழுவுக்காக நம் தேசமே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது பலருக்கு ஞாபகமிருக்கலாம். புழு தின்றால் சாகும்படியாக மரபணுவை மாற்றிய பி.டி. கத்தரிக்காயை அனுமதிக்கலாமா கூடாதா என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விசாரித்து, 2010-ஆம் வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி, இப்போது வேண்டாம் என்று அன்றைய மத்திய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். நூறு ஏக்கர் போட்டவருக்கு அது பெரிய கேள்விதான். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவனல்ல. நாலு செடி வைத்திருப்பவருக்கோ பத்து விரல் இருக்கிறது.

மூன்றாவது பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்னிடம் படித்த ஒரு பையன். அவரைப் பந்தலில் அசுவினி மொய்த்திருந்தது. பிஞ்சும் பூவும் கரு மொச்சையாகத் தெரிந்தன. அவற்றின் மேல் கறுப்பு உடலும் ஆரஞ்சுப் புள்ளியுமாக, குட்டி முதலை போன்ற அவலட்சணமான புழுக்கள் ஊர்ந்து கொண்டிருந்தன. பந்தலடியில் நின்றிருந்த ஒருவர் அவற்றை நசுக்கக் கையை நீட்டினார். பையன் பதறிப் போய், "ஐயோ வேணாம் சார்! அது பொறிவண்டோட குஞ்சு சார்!" என்று தடுத்தான். சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த பொறிவண்டைக் குழந்தைகள் கையில் ஏற விட்டு விளையாடுவார்கள். அதன் குழந்தைப் பருவம் இப்படி இருக்கும் என்று பெரியவர்களில் பலருக்குத் தெரியாது. வண்டை விடக் குஞ்சுக்குத்தான் பசி அதிகம். நாலைந்து நாளில் பந்தல் சுத்தமாயிற்று. தோற்றத்தைப் பார்த்துத் தண்டனை கொடுப்பது நீதியல்ல என்று நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குப் பாடப் புத்தகத்தில் அகப்படவில்லை.

எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளில் பறவையின் எச்சம் போல் ஒட்டிக் கொண்டிருக்கும் புழுவும் இப்படியே. பிறகு பச்சை நிறமாகி, இலையை மொட்டையடிக்கும். ஆனால் அதுதான் கறுப்பும் மஞ்சளுமாக வீட்டு வாசலில் பறக்கும் அழகான வண்ணத்துப் பூச்சி. செடி சிறியதானால் புழுவைக் கையால் எடுத்து வேறொரு பெரிய மரத்தில் விட்டு விடலாம். மரம் பெரியதானால் பேசாமல் இருந்து விடலாம். முருங்கைக் கம்பளிப் புழுவுக்கு மாத்திரம் இந்தத் தயை கிடையாது. மேலே பட்டால் உடம்பெல்லாம் தடித்துப் போகும். அவை பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒதுங்கும் சுபாவமுள்ளவை. அந்தச் சமயத்தில் பந்தம் காட்டித் தீய்த்து விடுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம்.

கை வைத்தியம் போதாத சமயங்களும் உண்டு. அப்போது எட்ட வேண்டிய மருந்துக் கடை வேப்பமரம். ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, விதையை நிழலில் உலர்த்தி வைத்துக் கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு வீதம் இடித்து, இரவு முழுவதும் ஊற வைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு புறமும் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் வீரியம் போய்விடும். சோப்புச் சேர்க்காவிட்டால் இலையில் ஒட்டாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட விதை உதவாது. வேம்பு பூச்சியை உடனே கொல்லுவதில்லை. அதன் பசியைக் கெடுக்கிறது. சட்டை உரிக்க விடாமல் தடுக்கிறது. நாளைக்கே செத்து விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த மருந்து பிடிக்காது. 1962-ஆம் வருஷத்தில் வடநாட்டில் வெட்டுக்கிளிப் படை வந்தபோது, தில்லியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது. தின்னாமல் எழுந்து போய்விட்டது.

இத்தனை நாளாக நம் பாட்டிமார் அரிசிப் பானையிலும் புத்தகப் பெட்டியிலும் போட்டு வைத்த வேம்புக்கு ஒரு முறை சொத்துத் தகராறே வந்து விட்டது. வேப்பெண்ணெயைக் கொண்டு பூசணத்தை ஒழிக்கும் முறைக்கு அமெரிக்க அரசாங்க விவசாய இலாகாவும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் கூட்டாக விண்ணப்பித்து, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 1994-இல் உரிமை பெற்றன. வந்தனா சிவா முதலியோர் எதிர் வழக்காடினார்கள். இது புதிதாகக் கண்டுபிடித்ததல்ல, இந்தியாவில் ஏற்கெனவே தெரிந்திருந்த காரியம் என்று 2000-ஆம் வருஷத்தில் உரிமை ரத்தாயிற்று; அப்பீலும் 2005 மார்ச்சு மாதத்தில் தள்ளுபடியாயிற்று. நம் சொத்து நமக்கே திரும்பக் கிடைத்தது சந்தோஷமே. ஆனால் வழக்கில் ஜயித்த வேப்பம்பழத்தை வாசலில் காலால் மிதித்து விட்டு, கடையில் போய் நூறு ரூபாய்க்குப் புட்டி வாங்குகிறோமே, இதற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குத் தொடுப்பது?

அந்தப் புட்டியைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பீகாரில் சாரண் ஜில்லாவில் ஒரு சின்னக் கிராமத்துப் பள்ளிக்கூடம். 2013-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டு போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி விஷம் கலந்திருந்தது. அந்த விஷத்தைக் காய்கறிகளின் மேல் அடிக்கக் கூடாதென்று நம் நாட்டில் 2005-ஆம் வருஷத்திலேயே தடை விதித்திருந்தார்கள். அந்தச் செய்தியை நான் படித்த மறுநாள், பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தட்டை ஏந்திக் கொண்டு வரிசையாக நின்ற காட்சியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய்க் குடத்துக்குள் விஷம் வந்து சேர எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். முதல் படி, விஷம் ஒரு வீட்டுக்குள் நுழைவது. அவ்வளவுதான், மற்றப் படிகளெல்லாம் மறதியும் அவசரமும் தாமே கட்டிக் கொள்ளும்.

நம் வீடுகளில் மருந்துப் புட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதி காலியான மருந்தைச் சோடாப் புட்டியில் ஊற்றி, அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகியிருக்கும். காலியான டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ள வைத்திருப்பவர்களும் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு குழந்தை, கலர் என்று நினைத்து அப்படிப்பட்ட புட்டியைத் திறந்து விட்டது. தாயார் அந்த நொடியில் திரும்பிப் பார்த்ததால் பிழைத்தது. அன்று மாலை தெருப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் திண்ணையில் கூடினார்கள். வயல் மருந்து வயல் கொட்டகையில் பூட்டித்தான் இருக்க வேண்டும்; வீட்டுக் கொல்லைக்கு விஷமே வேண்டாம் என்று பேசி முடித்தார்கள். நான் பேசவில்லை, ஆயாதான் பேசினாள். "ரெண்டு கத்திரிக்கா சொத்தையா போனா போவுது. புள்ள போனா வருமா?" என்றாள். அதற்கு மேல் ஒரு பிரசங்கம் தேவைப்படவில்லை.

முந்திரி விளையும் பிரதேசத்தில் வசிக்கும் எங்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கேரளத்தில் காசர்கோடு ஜில்லாவில் முந்திரித் தோட்டங்களின் மேல் எண்டோஸல்பான் என்ற மருந்தை இருபது வருஷத்துக்கு மேலாக ஆகாய மார்க்கமாகத் தெளித்தார்கள். முந்திரித் துளிரை உறிஞ்சும் தேயிலைக் கொசுவைக் கொல்லத்தான் அந்த ஏற்பாடு. கொசுவோடு அது நிற்கவில்லை. சுற்று வட்டாரத்தில் குழந்தைகள் ஊனமாகப் பிறந்தார்கள் என்ற ஓலம் தேசமெங்கும் கேட்டது. 2011-ஆம் வருஷம் மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது.

பூச்சிகள் போக, நாலு கால் பிராணிகளும் பறவைகளும் இருக்கின்றன. கொய்யாவும் தக்காளியும் பழுக்கத் தொடங்கினால் அணிலுக்குப் பத்திரிகை போட்டு அழைத்தாற்போல் ஆகிவிடும். கோடையில் அது தக்காளியைக் கடிப்பது பசியை விடத் தாகத்தினால்தான் என்பது என் அனுபவம். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் சற்றே கோணலாகிப் போனதால் விலை போகாத கிண்ணம் ஒன்றை வாங்கி வந்து, கிணற்றடிச் சுவரில் தினந்தோறும் தண்ணீர் வைத்தோம். பாதிக் கொள்ளை நின்றது. மீதிப் பாதிக்குக் காயின் மேல் துணிப்பை கட்டினோம். ராமபிரான் முதுகில் தடவிக் கொடுத்த பிராணியை அதற்கு மேல் தண்டிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

மயிலின் விஷயம் வேறு. 1963 முதல் அது தேசீயப் பறவை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பூரணக் காவல். அது வந்து விதைத்த பாத்தியைக் கிளறும்போது, தேசீயப் பறவைக்குக் கல்லெறிவது எப்படி என்று கையைக் கட்டிக் கொண்டு நிற்க வேண்டியதாகிறது. பாத்தியின் மேல் தென்னை மட்டையைப் பரப்பி நாற்று ஒரு சாண் உயரும் வரையில் மூடி வைப்பதே பலித்த வழி. பளபளக்கும் நாடாவைக் கட்டினால் சில நாள் பயப்படும். பிறகு அதன் கீழேயே தோகை விரித்து ஆடும்.

எலிக்கு யார் மருந்து? கூகையும் சாரைப் பாம்பும். இரண்டும் நம்மவர்களுக்குப் பிடிக்காதவை. கூகை கத்தினால் கெடுதி என்பார்கள். சாரையைக் கண்டால் தடியை எடுப்பார்கள். சாரைக்கு விஷம் கிடையாது. அதைக் கொல்வது சட்டப்படியும் குற்றம். ஆனால் இன்ன பாம்பு என்று நிச்சயமாகத் தெரியாதபோது வீரம் காட்டுவதும் தவறு. குழந்தைகளை உள்ளே அழைத்துக் கொண்டு, எட்ட நின்று, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி விட்டால் அவர்கள் வந்து பிடித்துப் போவார்கள். விறகு, செங்கல், உடைந்த ஓடு ஆகியவற்றைச் சுவரோரம் குவித்து வைக்காதிருந்தால், எலியும் வராது. எலியைத் தேடிப் பாம்பும் வராது.

அப்படியானால் எதையுமே கொல்லக் கூடாதா என்று கேட்கலாம். காந்தியடிகளுக்கே இந்தக் கேள்வி வந்தது. குரங்கு முதலிய பிராணிகள் பயிரை அழிப்பதைப் பற்றி 1946-இல் 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதும்போது, பயிரைத் தின்னும் பிராணிகளை எந்தச் சந்தர்ப்பத்திலும் கொல்லலாகாது என்ற கொள்கையைத் தம்மால் முழுவதும் ஏற்க முடியவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அஹிம்ஸையின் ஆசாரியரே அவ்வளவு தயங்கி, யோசித்துப் பேசிய விஷயத்தில், நாம் ஒரு மூடி விஷத்தை ஒரு நொடியில் ஊற்றி விடுகிறோம்.

எங்கள் கொல்லையில் தயவு தாட்சண்யமின்றி ஒழிக்கும் பிராணி ஆப்பிரிக்க நத்தை ஒன்றுதான். அதன் சரித்திரமும் ஒரு வீட்டுத் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1847-ஆம் வருஷத்தில் பென்ஸன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டு வந்த நத்தைகள் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அவற்றின் சந்ததி இன்று தேசமெங்கும் ஐப்பசி மழையில் கீரையை மேய்கிறது. மாலையில் நனைந்த சாக்கும் பப்பாளி இலையும் போட்டு வைத்தால் இரவில் அங்கே கூடும். விடியற்காலையில் கையுறை போட்டுக் கொண்டு பொறுக்கி, வாளியில் உப்புத் தண்ணீரில் போட வேண்டும். உப்பை மண்ணில் தூவினால் நத்தையோடு நிலமும் கெடும். நோய்க் கிருமிகளைச் சுமக்கும் பிராணியாதலால் குழந்தைகள் தொடாதிருப்பது நலம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கணக்கு விளங்கும். எங்கள் கொல்லையில் பத்துக் கத்தரிக்காய் காய்த்தால் எட்டுத்தான் அடுப்படிக்கு வருகிறது. ஒன்று புழுவுக்கு, ஒன்று அணிலுக்கும் மயிலுக்கும். அந்த இரண்டையும் மீட்பதற்காக நான் செலவிட வேண்டிய விஷத்தின் விலையைக் கடைக்காரர் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை. பொறிவண்டின் குஞ்சு, எள்ளளவு குளவி, கிணற்றுத் தண்ணீர், தெருக் குழந்தை ஆகியவை அந்தச் சீட்டில் ஏறாத இனங்கள்.

சென்ற வாரம் ஆயாவின் வீட்டுக் கத்தரியில் ஒரு குருத்துத் தலை தொங்கியது. நான் சொல்லுவதற்கு முன்பே அவளுடைய பேத்தி ஓடிப் போய் அதை நகத்தால் கிள்ளி, தேங்காய் ஓட்டிலிருந்த சோப்புத் தண்ணீரில் போட்டாள். அவளுக்கு ஏழு வயது. இந்தப் பாடத்துக்கு அவளுக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை, பரீட்சையும் கிடையாது. புழு கொடுத்த தந்தியை அவள் தானே படித்து விட்டாள்.